ஏழாவது டப்பா

"உலகமே சால்மோனெல்லாக் கிருமியோட மல்லுக்கட்டுது. நீங்க அதுக்குப் பிரியாணி போட்டு வளக்குறீங்க!" என்று கத்தினார் டாக்டர் பரமகுரு.

கொடைக்கானலில் டாக்டர் நடத்திய கிருமியியல் கருத்தரங்குக்குச் சமைத்த பிரியாணிக் கடைக்காரர் சஃபீர், கடைக்குச் சீல் வைத்துவிடுவார்களோ என்று கைகட்டி நின்றார். சாப்பிட்ட விஞ்ஞானிகளில் இருபது பேருக்கு வயிற்றுப்போக்கு. சுத்தம் என்றால் என்னவென்று காட்ட, டாக்டரே அன்று தயிர் வெங்காயம் பிசைந்து பரிமாறியிருந்தார். கை கழுவும் முறைக்குச் சுவரில் படமும் ஒட்டியிருந்தார்.

சஃபீரையும் சேர்த்துக் கடை ஆட்கள் ஆறு பேரின் மலமும் டப்பாவில் சோதனைக்குப் போயிருந்தது. பெயர் தெரிந்தால் இரக்கம் வந்துவிடுமாம்; எண் மட்டும் போதும் என்பது டாக்டரின் உத்தரவு.

ஆய்வகத்துக் காவ்யா முடிவோடு வந்தாள். "ஏழாம் நம்பர்ல மட்டும் கிருமி இருக்கு சார்."

"பாத்தீங்களா! தனக்கே தெரியாம கிருமியச் சொமந்துக்கிட்டுத் திரியிற ஆளு. ஆயுசுக்கும் அவன அடுப்படிப் பக்கம் விடாதீங்க!"

"நாங்க ஆறு பேருதானுங்களே?" என்றார் சஃபீர்.

காவ்யா தரையைப் பார்த்தாள். "சுத்தமான ஆளோட ஒப்பிடணும்னு நீங்களே ஒரு டப்பா குடுத்தீங்களே சார்..."

சஃபீர் சோப்பை எடுத்து நீட்டினார்.

"படம் செவுத்துல இருக்கு சார், நீங்க ஒட்டுனதுதான். வெரசா கழுவிட்டு வாங்க, டீ சொல்றேன்."