மேல்கரையின் கையெழுத்து

இரண்டு தரப்பிலும் ஆளுக்கொரு பெண் கையெழுத்துப் போட்டால்தான் போர்நிறுத்தம் செல்லும் என்று உலகச் சட்டம் வந்த பிறகு, சண்டை ஓயக் கூடாது என்று நினைத்தவர்கள் பெண்களாகப் பார்த்துச் சுட்டார்கள். அணைத் தண்ணீருக்கான போரில் கீழ்கரைக்காகப் பேச வந்த நான்காவது பெண் இசக்கியம்மாள். முன்னால் வந்த மூவரையும் சுடுகாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இன்றைக்கும் ஒப்பந்தம் முடியாவிட்டால், விடிந்ததும் அவள் ஊர்மேல் குண்டு விழும்.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை எதிரே நீட்டினாள். மேல்கரைப் பிரதிநிதி கோசலை அதை வாங்கக் கையை நீட்டினாள்.

டுமீல்!

கோசலை மேஜைமேல் கவிழ்ந்தாள். ஒப்பந்தத் தாள் முழுக்க ரத்தம். சுட்டவள், கோசலைக்குப் பின்னால் காவலுக்கு நின்ற ரஞ்சிதம்!

மேல்கரைத் தளபதி துரைப்பாண்டி நிதானமாக எழுந்தார். "எங்க பொம்பளை போய்ட்டா. ஒப்பந்தம் செல்லாது. கிளம்புங்க."

"ஏன் செல்லாது?" இசக்கியம்மாள் ரஞ்சிதத்தைக் கைகாட்டினாள். "உங்க பக்கம் இன்னொருத்தி நிக்காளே!"

"இவளா? நான் சுடுன்னா சுடுவா, அவ்வளவுதான்" என்று சிரித்தார் தளபதி. சிரிப்பு பாதியில் நின்றது. மேல்கரைப் பெண் யார் போட்டாலும் சட்டம் ஒத்துக்கொள்ளும். அவர் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

"ஏட்டி, பாத்தியா? அடுத்த குண்டு உனக்குத்தான்!" என்று கத்தினாள் இசக்கியம்மாள்.

ரஞ்சிதம் முந்திக்கொண்டாள். தளபதியின் மணிக்கட்டு சிதறியது. அவர் தரையில் புரண்டு அலற, அவரைத் தாண்டி வந்து பேனாவை எடுத்தாள்.

"எங்க போடணும்க்கா?"