கீரை தின்னாத குட்டி

அது வாயைத் திறக்கவில்லை.

இடுக்கியின் நுனியில் சுவர்க்கோழி காலை உதைத்துக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துத்தான் அவள் எடுத்திருந்தாள். ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கொடுத்தால் அடைத்துக்கொள்ளும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். மேலே தூவச் சொன்ன சுண்ணாம்புச் சத்துப் பொடியையும் தூவியாயிற்று. திருநீறு பூசிக்கொண்ட மாதிரி இருந்தது பூச்சி.

சாகிற பூச்சியாவது இந்த வீட்டு முறைப்படி சாகட்டும்.

கண்ணாடித் தொட்டிக்குள், சூட்டு விளக்கின் அடியில், குட்டி அசையாமல் கிடந்தது. உள்ளங்கை நீளம்தான். பெயர் என்னவோ தாடி ஓணான். தாடி என்று சொல்லிக்கொள்ள இன்னும் நாலு முள்கூடச் சரியாக முளைக்கவில்லை. வால் தொடங்கும் இடத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் இப்படியே விட்டால் பிழைக்காது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

பின்னால் மாமியார் நிற்கிறாள். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. முதுகு காந்தியது.

அவள் கணவன் நெல்லையப்பன்தான் இதை வாங்கிவந்தான். கீரை தின்னும் சார் என்றானாம் கடைக்காரன். வளர்ந்தது தின்னும். வளர்கிற குட்டிக்குப் பூச்சி வேண்டும், உயிரோடு வேண்டும். அதைக் கடைக்காரன் சொல்லவில்லையா, இவன்தான் காதில் வாங்கவில்லையா, யார் கண்டது.

நம்ம வீட்டுக்கென்றே பிறந்த ஜீவன் என்று மாமியார் பூரித்துப்போனாள். சைவ ஓணான். சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் படம் போனது. அமாவாசையன்று பசுவுக்கு வாங்கிய அகத்திக்கீரையில் ஒரு கொத்து தொட்டிக்குள்ளும் விழுந்தது.

பசு தின்றது.

குட்டி கீரையின் மேல் படுத்துக்கொண்டது.

கொழுப்பு என்றாள் மாமியார். பசித்தால் தானாகத் தின்னும் என்றாள். தூத்துக்குடியிலிருந்து இந்தச் சைவ வீட்டுக்கு வந்த புதிதில், மீன் இல்லாத தட்டின் முன்னால் மருமகள் உட்கார்ந்திருந்தபோதும் அதையேதான் சொன்னாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். பழகிக்கொண்டாள் என்றுதான் வெளியில் சொல்கிறார்கள்.

"ஏளா, அந்த முட்டை அட்டைய மொதல்ல வெளிய தூக்கிப் போடு" என்றாள் மாமியார்.

பூச்சிகள் வந்த டப்பாவுக்குள், அவை ஒளிந்துகொள்ள முட்டை அட்டையைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே அத்தனை உயிர் குதித்துக்கொண்டிருக்க, மாமியார் கண்ணில் அட்டைதான் பட்டது. முட்டைகூட இல்லை, முட்டை உட்கார்ந்திருந்த பள்ளம். அதற்கே வீடு தீட்டாகிவிட்டது.

அவள் இடுக்கியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

குட்டியின் கண் உருண்டது.

தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

நாக்கு வந்ததும் போனதும் தெரியவில்லை. நறுக்கென்று ஒரு சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. வாயோரம் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு மென்றது.

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. இவ்வளவு பசியை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் கீரைமேல் கிடந்திருக்கிறது.

குட்டி மறுபடி வாயைத் திறந்தது.

அடுத்த பூச்சியை எடுக்கக் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். டப்பா இல்லை.

அது மாமியார் கையில் இருந்தது. பட்டுவிடாமல் புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தாள். பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு கம்பி ஓரம் போய் நின்றாள். ஐந்தாவது மாடி.

நெல்லையப்பன் அறை வாசலுக்கு வந்தான். சண்டை என்றால் அவன் எப்போதும் வாசலோடு நின்றுவிடுவான்.

"மொட்டை மாடில வச்சுக் குடேன். அம்மா கண்ணுல படாம."

அவளுக்கும் இப்படித்தான் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தான். மீனை ஓட்டலில் தின்றுகொள், குளித்துவிட்டு உள்ளே வா. குளித்துவிட்டு வந்தாலும் மாமியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிடுவாள். அதன் பிறகு அவள் ஓட்டலுக்கும் போவதில்லை.

அவள் எழுந்தாள்.

இந்தச் செய்தியை வேறு மாதிரிச் சொல்ல நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, அல்வா வாங்கிவைத்து, முதலில் அவனிடம். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் கோயில் கோயிலாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்த செய்தி. இப்போது இடுக்கியைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதாயிற்று.

"அத்த, எனக்குப் பிள்ள உண்டாயிருக்கு. அதுவும் வளர்ற குட்டிதான். அதுக்கு வேண்டியத நான் இந்த அடுக்களையில வச்சுத் திம்பேன். இல்லன்னா தூத்துக்குடியில வச்சுத் திம்பேன்."

குரலை உயர்த்தவில்லை.



டப்பாவுக்குள் பூச்சிகள் அட்டையில் முட்டிக்கொண்டிருந்தன.

மாமியார் பால்கனியிலிருந்து உள்ளே வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டில் எதை எடுப்பது என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். மருமகளுக்கு எதையும் கையில் கொடுத்து அவளுக்கு வழக்கமில்லை. வைப்பாள், மருமகள் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருமகள் குனியவில்லை. கையை நீட்டினாள்.

"கையில குடுங்க."

மாமியார் குனிவதற்கு வெகு நேரம் பிடித்தது. மூட்டு வலி என்று சொல்லிக்கொள்ளட்டும்.