மழலைக் கை

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு கதை சொல்றேன். மரக்காணத்தில் ஒரு பஸ் வந்து நின்று கிளம்புவதற்குள் முடிந்துபோன கதை.

உப்பளத்து ஸ்டாப்பில் துணிப்பையோடு நின்றாள் அம்சவள்ளி. இடுப்பில் இரண்டு வயது தமிழ்நிலா.

அம்சவள்ளிக்கும் புருஷன் மோகனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பிள்ளைக்குக் கேட்கும். ஆனால் அது முதலில் பேசியது கையால்தான்.

மற்ற பிள்ளைகளுக்கு மழலை நாக்கில் வரும். இதற்குக் கையில் வந்தது. தண்ணி கேட்கக் கட்டைவிரலை மட்டும் வாயருகே கொண்டுபோக வேண்டும். இது மூடின கையை அப்படியே வாயில் திணிக்கும். அம்சவள்ளி சிரித்துக்கொண்டே விரலைப் பிரித்துச் சரியாக வைத்துவிடுவாள்.

அவள் உப்பு வாரப் போனால் பிள்ளை மோகனின் அக்கா முத்தம்மாளிடம். கல்யாணமாகி வந்த நாள் முதல் முத்தம்மாள் இவளிடம் ஒரு கையசைப்பு பேசியதில்லை. முகவாயை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

முந்தின நாள், அம்சவள்ளி வேலை முடிந்து வாசலில் நுழையும்போதே, சோறு கேட்டு வாய்க்குப் போன பிள்ளையின் கையில் முத்தம்மாள் அடித்துவிட்டாள். "வாயைத் தொறந்து கேளுடி! நீயும் ஊமையாப் போகப் போறியா?"

அந்த உதட்டசைவே அம்சவள்ளிக்குப் போதுமாக இருந்தது. மோகன் கெஞ்சியும் நிற்கவில்லை. அனுமந்தையில் தாய்வீடு. இனி இங்கே வருவதாக இல்லை.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது பிள்ளை பின்னால் பார்த்துத் துள்ளியது. திரும்பினாள்.

முத்தம்மாள். மீன் ஆய்ந்த கையோடு, செருப்புகூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஏம்மா, ஏர்றியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

முத்தம்மாள் வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தூக்கி, உள்ளங்கை முழுவதையும் காதின்மேல் அப்பிக்கொண்டாள். மறுபடியும் அப்பினாள். கண்ணில் தண்ணீர்.

அம்சவள்ளி உற்றுப் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்க இரண்டு விரலால் காது மடலைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையால் அப்புகிற ஆள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு வயது இரண்டு.

இவள் உப்பளத்தில் இருந்த பகலெல்லாம் வீட்டில் அத்தைக்குப் பிள்ளையிடம் பாடம் நடந்திருக்கிறது.

அம்சவள்ளி இறங்கினாள். செதில் ஒட்டிய அந்தக் கையைப் பிடித்து, இரண்டு விரலை மட்டும் பிரித்து, காது மடலில் சரியாக வைத்துவிட்டாள்.

பஸ் போய்விட்டது.

உங்க வீட்டிலும் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினவங்க பஸ் ஏறுறதுக்குள்ள திரும்பி வரட்டும். அவங்களுக்கும் சேர்த்தே உலையில் அரிசி வேகட்டும்.