வலது கை எங்கே இருந்தது

தலையணையை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கட்டச் சொன்னார் இயக்குநர்.

காஸ்ட்யூமர் மருது நாடாவை இழுத்தார். இறுக்க வேண்டாம் அண்ணே என்றாள் அன்னக்கொடி. ஒன்பது மாத வயிறு ஓடும்போது நழுவி விழுந்தால் தியேட்டரே சிரிக்கும் என்றார் அவர்.

மணி ஒன்பது பத்து. இன்னும் இருபது நிமிடம்.

அழகர்கோவில் மலையடிவாரத்தில், கடலை பிடுங்கிய காட்டில் நின்றிருந்தோம். கிரகணக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சூரியன் பாதிக்கு மேல் தின்னப்பட்டிருந்தது.

நான் உதவி இயக்குநர். நேரம் பார்ப்பதும், யார் கை எங்கே இருந்தது என்று கண்டினியூட்டி நோட்டில் எழுதுவதும் என் வேலை.

காட்சி இதுதான். கிரகணத்தன்று ஒரு நிறைமாதப் பெண், ஊர் தடுத்தும் கேட்காமல் வெளியே ஓடி வருகிறாள். வானத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். பகல் இருட்டாகிறது.

நிஜக் கிரகணத்திலேயே எடுக்கலாம் என்று யோசனை சொன்னவள் நான். சூரியன் வளையமாக இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஆனால் இருட்டாது, நிலா சூரியனை முழுசாக மூடாது என்றும் சொல்லியிருந்தேன். இயக்குநர் நம்பவில்லை. தான் பார்த்த அத்தனை படத்திலும் இருட்டியிருக்கிறது என்றார்.

சென்னையிலிருந்து வந்த நடிகைக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நிஜக் கிரகணம் என்று தெரிந்ததும் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால்தான் அன்னக்கொடி. டி. கல்லுப்பட்டிப் பக்கம். ஒன்பது வருடமாகப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவள். இன்றுதான் முதல் குளோசப்.

காலையில் நான்தான் அவளிடம் பேசினேன். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மடித்து வைத்தாள். கிரகணம் முடியாமல் சாப்பிடமாட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"சும்மாதான் கேக்குறேன் மேடம். ஒன்னும் ஆகாதுல்ல?"

வெறும் நிழல் என்றேன். கேமரா பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் குறுக்கே பொட்டு டப்பா மூடியை நகர்த்திக் காட்டினேன். அவள் பழத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருசம் ஆச்சு மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

இப்போது, முடிச்சுப் போட்டபடி, உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று மருது பேச்சுக்குக் கேட்டார். இரண்டு விரலைக் காட்டினாள். ரெண்டும் தங்கலண்ணே என்று விரல்களை மடக்கிக்கொண்டாள்.

மருது குனிந்து நாடாவின் நுனியைச் செருகினார்.

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வரப்பு வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். முதல் குளோசப் பயம், எல்லோருக்கும் வருவதுதான். இயக்குநர் நிமிடத்துக்கு ஒரு தரம் மணி கேட்டார்.

கூட்டத்துக்கு வந்த உள்ளூர்ப் பெண்கள் புளியமரத்தடியை விட்டு நகரவில்லை. அவர்களில் மூத்தவளான இருளாயி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏன்டி இம்புட்டு நடுங்குற? தலகாணிக்கு என்னாத்தா ஆகப்போகுது? பஞ்சு கொஞ்சம் கருக்கும், அம்புட்டுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்னக்கொடியும் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

கைகள் இரண்டும் தொங்க வேண்டும் என்று இயக்குநர் கடைசியாக ஒருமுறை சொன்னார். இவள் பயப்படாத பெண், வயிற்றைத் தொடவே கூடாது. சூரியனைப் பார்க்காதே, பனை உச்சியில் கட்டிய சிவப்புத் துணியைப் பார். ஒத்திகையில் இரண்டு தடவையும் அப்படியே செய்தாள்.

ஒன்பது முப்பது.

ஓடி வந்தாள். நின்றாள். நிமிர்ந்தாள்.

வெயில் மெலிந்தது. யாரோ அதில் தண்ணீர் கலந்ததுபோல. அவ்வளவுதான், இருட்டவில்லை. காக்கைகள் அலறவில்லை, சாப்பாட்டு வண்டிக்கு அடியில் இட்லி தேடிக்கொண்டிருந்தன. புளியமரத்தடியில் மட்டும் இலை இடுக்குகள் வழியே நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள், மண்ணில், பெண்களின் சேலைகளில், இருளாயியின் நரைத்த தலையில்.

திரும்பிப் பார்த்தபோது அன்னக்கொடியின் வலது கை எழுந்துகொண்டிருந்தது.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் கண்கள் சிவப்புத் துணியை விட்டு அசையவில்லை. கை தலையணையைத் தாண்டிக் கீழே போனது. அதன் அடி விளிம்புக்குள் நுழைந்து, சேலைக் கொசுவத்தின் மேல், அடிவயிற்றில் விரிந்து நின்றுவிட்டது.

வளையம் ஒரு பக்கம் உடையும்வரை அந்தக் கை அசையவில்லை.

கட் சொன்ன இயக்குநர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"இதே ஊருல அடுத்தது எப்ப?"

"பதினோரு வருசம் ஆகும் சார்."

மானிட்டரில் ஓட்டிப் பார்த்தார். இருட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், முகம் நன்றாக வந்திருக்கிறது, கையை வெட்டிவிடலாம் என்றார். வயிற்றைத் தொடுவதென்றால்கூடத் தலையணையை அல்லவா தொட வேண்டும், இந்தப் பெண்ணுக்கு வயிறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே என்று சலித்துக்கொண்டார்.

நான் நோட்டைத் திறந்தேன். வலது கை, தலையணைக்குக் கீழே, அடிவயிற்றில் என்று எழுதினேன். எழுதியதை ஒருமுறை படித்தேன்.

இருளாயி மரத்தடியை விட்டு வெயிலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சிரிப்பும் இல்லை. அன்னக்கொடிக்கும் இன்னும் முழுசாகாத சூரியனுக்கும் நடுவில் வந்து நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

மருது முடிச்சை அவிழ்த்துத் தலையணையை எடுத்துக்கொண்டு போனார்.

கை அங்கேயே இருந்தது.