ஜனவரியில் ஏற்றிய வேகம்

“ஜெயசீலன், விஷயம் தெரியுமா? நம்ம வடிவு டீச்சர் தூசி துடைக்கறேன்னு கம்ப்யூட்டர் உள்ளே கையை விட்டு, மொத்தத்தையும் படுக்க வச்சுட்டாங்க!”

சரோஜினி நகரிலிருந்து லோதி ரோடு போகும் சார்ட்டர்ட் பஸ்ஸில், செக்‌ஷன் ஆபீசர் மகாதேவன் முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டுக்கு இதைச் சொன்னார். நடுவில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

பஸ்ஸே சிரித்தது. இரண்டாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வடிவு டீச்சரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பசங்க தப்பு பண்ணினா பெஞ்சு மேல ஏத்துவீங்களே, இப்ப நீங்க ஏறுங்க டீச்சர்!” என்றார் ஒருவர்.

“பரீட்சைக்கு அடிச்சு வச்ச வினாத்தாளும் போச்சாம். அடுத்த வீட்லயே எக்ஸ்பர்ட்டை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?” மகாதேவன் விடுவதாக இல்லை. “நீங்களே சொல்லுங்க ஜெயசீலன்.”

எல்லோரும் ஜெயசீலனைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“தெரியாத விஷயத்துல கை வச்சா அப்படித்தான் சார்” என்றான்.

மறுபடி சிரிப்பு. சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

“கரெக்ட்! அதுக்குத்தான் நம்ம ஆபீஸ்ல ஆரம்பிக்கற புதுக் கம்ப்யூட்டர் செல்லுக்கு உங்க பேரை அனுப்பப் போறேன். நம்பி மெஷினை ஒப்படைக்கற மாதிரி ஒரு ஆள் வேணுமில்ல?”

டைப்ரைட்டரோடு மாரடித்த நாளிலிருந்து ஜெயசீலன் ஏங்கிக் கிடந்த வேலை அது. அது கிடைக்கிற நேரத்தில் காது மடல் வரைக்கும் வெட்கம் சுட்டது.

கம்ப்யூட்டரைக் கெடுத்தது அவன்தான்.

ஜனவரியில் ஒருநாள், தமிழ் ஃபாண்ட் போட்டுத் தரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டார். போட்டோமா, டீயைக் குடித்தோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம். மலிவு விலை பிராசஸரையும், போர்டில் இருக்கிற ஜம்பர் என்கிற சின்னச் செருகியை இடம் மாற்றிச் செருகினால், காஸ்ட்லி பிராசஸர் வேகத்துக்கு ஓட வைக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு அவனுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

சொந்தக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கப் பயம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! டீச்சர் டீ போட உள்ளே போன நேரத்தில் முந்நூறு மெகாஹெர்ட்ஸை நானூற்றைம்பது ஆக்கிவிட்டான்.

“அட, பறக்குதே தம்பி!” என்று டீச்சர் பூரித்துப் போனார். என்ன செய்தான் என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தில்லி ஜனவரியில் மனுஷனே விறைத்துக் கிடப்பான், பிராசஸர் எங்கே சூடாகும்? ஏப்ரல் பிறந்து வெயில் ஏறியது. மெஷின் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் அப்படியே நிற்கும். அடித்ததெல்லாம் போய்விடும்.

“ஏன் தம்பி இப்படி மக்கர் பண்ணுது?” என்று டீச்சர் கேட்டபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எக்ஸ்பர்ட் பட்டம் போய்விடுமே!

“தூசி டீச்சர். தில்லியில வேற என்ன? துடைச்சு வைங்க” என்றான்.

பாவம், அவன் பேச்சைக் கேட்டுத் துடைத்திருக்கிறார். தன்னால்தான் கெட்டது என்று நம்பி, ஊர் முன்னால் கேலியையும் வாங்கிக்கொண்டு, அதற்கும் சிரிக்கிறார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. மாலையில் ஸ்க்ரூடிரைவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான். உண்மையை ஒப்புக்கொள்ள அல்ல. அந்த அளவுக்கு அவனிடம் துணிச்சல் இல்லை. ஓசைப்படாமல் ஜம்பரைப் பழைய இடத்தில் செருகிவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அழிந்து போன வினாத்தாளை ஞாபகத்திலிருந்து திரும்பவும் எழுதிக்கொண்டிருந்தார்.

“சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன் டீச்சர்.”

“தாராளமாப் பாருங்க தம்பி.”

ஸ்விட்சைப் போட்டான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. பிராசஸர் வேகம் என்று இருந்த இடத்தில் 300 என்று வந்தது.

பாக்கெட்டுக்குள் போன கை அப்படியே நின்றது.

“ஞாயித்துக்கிழமையே சரியாயிடுச்சு” என்றார் டீச்சர், எழுதுவதை நிறுத்தாமல். “மகாதேவன் சார் நேரு பிளேஸ்லேர்ந்து ஒரு ரிப்பேர்காரனைக் கூட்டிக்கிட்டு வந்தார். அவன் திறந்த உடனே சொல்லிட்டான். யாரோ ஸ்பீடை ஏத்தி விட்டிருக்காங்களாம், அதனாலதான் சூடாகி நின்னு போகுதாம். யார் நோண்டினதுன்னு இந்தியில என்னைப் பிடிச்சுக் கேக்கறான். சார் வேற பக்கத்துலயே நிக்கறார்.”

ஜெயசீலன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீச்சர் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

“நீங்க... என்ன சொன்னீங்க டீச்சர்?”

“கம்ப்யூட்டர் செல்லுக்கு சார் ஆள் தேடறார்னு உங்க வீட்ல சொல்லியிருந்தாங்க. அந்த நேரத்துல வேற என்ன சொல்றது? தூசி துடைக்கறப்ப நான்தான் எதையோ மாத்திச் செருகிட்டேன்னு சொல்லிட்டேன்.”

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

“அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திறக்கணும்னுகூட எனக்குத் தெரியாது, தம்பி.”