குறுக்கீடு

என்ன நடந்தாலும் பேச்சை நிறுத்தக் கூடாது. இன்றைய இணையவழி வகுப்பின் பயிற்சி அவ்வளவுதான்.

ஆசிரியர் விதியைத் திரும்பவும் சொன்னார். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றோ இணைப்பில் வந்தோ கத்துவார், திட்டுவார், மேசையைத் தட்டுவார். அவர் பக்கம் திரும்பக் கூடாது. நடுவரான ஆசிரியரிடம் மட்டுமே பேச வேண்டும். வாயடைத்துப்போகிறவருக்கு நாளைய விவாத அணியில் இடமில்லை.

அடுத்தது மருந்துக்கடைப் பெண். அவளுடைய தம்பி கத்துவதாக ஏற்பாடு.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா என்பது தலைப்பு. அவள் எதிர்த்துப் பேச வேண்டும்.

“நடுவர் அவர்களே, வீடு எல்லோருக்கும் வேலை செய்யத் தகுந்த இடமல்ல...”

அவளுக்குப் பின்னால் கதவு படாரென்று திறந்தது.

“எவன்கிட்டடி இளிச்சிக்கிட்டிருக்க?”

திரையின் கட்டங்களில் இருந்த முகங்களெல்லாம் சிரித்தன.

“என்ன சார், தம்பி அக்காவையே ‘டி’ போடுறான்?” என்றார் லாரி ஓட்டுநர்.

“விடுங்க, பய சும்மா பின்றான்,” என்றார் ஆசிரியர்.

ஒரு கை குறுக்கே வந்தது. மடிக்கணினி மல்லாந்தது. அதன்பின் கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன.

பளாரென்று ஓர் அறை. நாற்காலி விழுந்தது. கனமான ஏதோ ஒன்று மரத்தில் மோதியது. மறுபடியும் மோதியது. மேசையைத் தட்டுகிறான் என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டார். யாரோ கைதட்டும் படம் ஒன்றைப் போட்டார்.

“நடுவர் அவர்களே...”

குரல் தரையிலிருந்து வந்தது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது.

“நிறுத்தாதீங்கம்மா! ஆதாரம் சொல்லுங்க, ஆதாரம்!”

“நடுவர் அவர்களே, தண்ணீர்த்தொட்டித் தெரு. பச்சைக் கதவு. மாடி. நடுவர் அவர்களே, மாடி...”

தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டாள். அதற்காக ஆசிரியர் இரண்டு மதிப்பெண் குறைத்தார். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லையே என்று மூன்று கூட்டினார்.

பிறகு சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அருமை! தம்பியையும் கொஞ்சம் காட்டுங்க, பாராட்டிடுவோம்,” என்றார் ஆசிரியர்.

திரையின் ஓரத்தில் மணி ஒலித்தது. வகுப்புக்குள் வர அனுமதி கேட்டு வெளியே ஒருவர் காத்திருந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அக்காவோட எதிரணி’ என்று இருந்தது.

அதன் கீழே ஒரு வரி.

“சாரி சார், இப்பதான் வேலை முடிஞ்சுது. உள்ள விடுங்க, கத்த ரெடி.”