விடுபட்ட வரி

"எங்க வீட்ல ரெஹ்ராஸ் நீளமா சொல்லுவோம். உங்க வீட்ல எப்படி?" பெண் பார்க்க வந்த நிர்லேப் கௌர், டீயைத் தொடாமலேயே கேட்டார்.

பெண்ணின் அப்பா தர்பாரா சிங் தாடியைத் தடவினார். படிப்பு, வேலை, குடும்பம் என்று எதையும் கேட்காமல், பேச்சு ரெஹ்ராஸ் என்னும் அந்திப் பிரார்த்தனையில் வந்து முட்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"சுருக்கமானதுதான், பெஹன்ஜி."

"அப்போ நீங்க முடிச்சுட்டு எந்திரிக்கும்போது நாங்க பாதியில இருப்போம்."

"ரெண்டும் குருவோட வாக்குதானே?"

"யார் இல்லேன்னது? ஆனா என் மாமனார் காலத்துல இருந்து எங்க வீட்ல சொல்றது அந்த வழிதான். வர்ற மருமக பாதியில எந்திரிச்சுப் போனா எனக்கு ஆகாது. போன மாசம் படாலா ஊர்ல ஒரு நல்ல இடம் வந்துச்சு. இதுக்காகவே வேண்டாம்னுட்டேன். தரகர் சொல்லி வர்ற, முன்னபின்ன தெரியாத இடம்... இதாவது ஒத்துப்போக வேண்டாமா?"

அவர் மகன் பிரப்தீப், தட்டிலிருந்த பின்னி இனிப்பு உருண்டைகளை எண்ணுபவன் போலக் குனிந்தே இருந்தான்.

துப்பட்டாவால் தலையை மூடியபடி மகள் இஷ்மீத் உள்ளிருந்து வந்தாள்.

"ஆன்ட்டிஜி, பொழுது சாயுது. இன்னைக்கு நான் சொல்லட்டுமா? உங்க வீட்டு வழியிலயே."

தர்பாரா சிங் பதறினார். "உனக்கு அது தெரியாதேம்மா!"

"தெரியும்ப்பா."

"புத்தகம் எடுத்துக்கோ," என்றார் நிர்லேப்.

"வேண்டாம், ஆன்ட்டிஜி."

எல்லோரும் விரிப்பில் அமர்ந்தார்கள். இஷ்மீத் கண்களை மூடிச் சொல்லத் தொடங்கினாள். வழக்கமாக முடியும் இடம் வந்ததும், எழுவதற்காகக் கையை ஊன்றிய தர்பாரா சிங் திகைத்து மறுபடி உட்கார்ந்தார். பிரார்த்தனை தொடர்ந்தது. ஒரே ஓர் இடத்தில் நிர்லேப் கௌரின் கண்கள் சட்டென்று திறந்து, மூடிக்கொண்டன.

முடிந்ததும் அவர் கேட்டார். "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"புத்தகம் பார்த்து நானே கத்துக்கிட்டேன்." குரலில் துளித் தடுமாற்றம் இல்லை.

"நல்லாச் சொன்னே. கடைசிப் பக்கம் வரும்போது ஒரு வரியை மட்டும் விட்டுட்டே."

இஷ்மீத்தின் முகம் முதன்முறையாக வெளுத்தது.

"ஒரே ஒரு வரிதானே, பெஹன்ஜி..." தர்பாரா சிங் கெஞ்சினார்.

"எல்லாப் புத்தகத்திலயும் இருக்கிற வரி, சர்தார்ஜி." நிர்லேப் கௌர் ஒரு பின்னியைப் பிட்டு இஷ்மீத்தின் வாயில் ஊட்டினார். "ஏழு வயசுல இருந்து நான் எவ்வளவு திருத்தியும் அதை விட்டுட்டே சொல்ற ஒரே ஆள் என் பையன்தான். டேய் பிரப்தீப், எத்தனை மாசமாடா போன்ல பாடம் நடக்குது?"